ஆறு எண்கள்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு
நாற்பதடி இந்தப் பக்கம் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு,
ஜூன் பிறந்தால் கவுன்சிலிங்.
நாற்பதடி அந்தப் பக்கம்
சுகுமாரனின் லாட்டரி மேசை.
இங்கே விற்றால் கேஸ்,
அங்கே விற்பதே அரசாங்கம்.

எங்கள் ரெண்டு பேரிடமும் வருகிறவர்கள்
ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்:
சான்ஸ் இருக்கா?

ஷம்னாஸ் வந்தபோது கரண்ட் இல்லை.
யுபிஎஸ் கூவிக்கொண்டிருந்தது.
கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம்,
முதல் விருப்பமும் அதுதான்
கடைசி விருப்பமும் அதுதான்.
அவள் அத்தா
தக்காளிப் பெட்டிகளை வண்டியிலேயே விட்டுவிட்டு
செருப்பைக் கழற்றி வாசலில் நின்றார்.
உள்ளே வாங்க என்றாலும் வரவில்லை.

கட்டாஃப் நூற்றுத் தொண்ணூற்றொன்று புள்ளி ஐந்து.
போன வருஷம் கடைசி சீட்
எந்த மார்க்கில் நின்றது என்று கேட்பார்கள்.
நான் சொல்வதில்லை.
சொன்னால் அதைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்வார்கள்.

பெயர். பிறந்த தேதி. வீட்டு எண் நாலு பை நூற்றுப் பதினேழு.
ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, எல்லாம் இந்தப் பக்கம்.
பிறகு கர்சர் ஒரு கட்டத்தில் நின்று கண் சிமிட்டியது:
எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை
தமிழ்நாட்டில் படித்தவரா?
ஆம். இல்லை.

அவள் பள்ளிக்கூடம் அந்தப் பக்கம்.
மொட்டைமாடியில் ஏறினால் கொடிக்கம்பம் தெரியும்.
தமிழ் மீடியம்தான், தமிழ் டீச்சர்தான்.
இந்தப் பக்கத்துப் பள்ளிக்கு ரெண்டு பஸ்,
அதில் ஒன்று மழை பெய்தால் வராது.
இதையெல்லாம் எழுத
அந்தக் கட்டத்தில் இடம் விடவில்லை.

இல்லை என்று அமுக்கினேன்.
உடனே கீழே இன்னொன்று முளைத்தது:
இருப்பிடச் சான்றிதழ் இணைக்கவும்.

இங்கத்து ஆளுன்னா அங்க ஏம்மா படிச்சே
என்று கேட்டாராம் வி.ஏ.ஓ.
வீடு இவிடே அல்லல்லோ மோளே
என்றாராம் அங்கத்து வில்லேஜ் ஆபீசர்.
ரெண்டு பேருமே
உட்காரச் சொல்லித்தான் சொன்னார்கள்.
அதுதான் அக்கா தாங்கலை என்றாள்.

கடைசி நாள். மனு போட்ட ரசீது இருந்தால் போதும் என்று
யாரோ சொல்லக் கேட்டு ஓடி வந்தாள்.
மணி ஐந்து நாற்பது, ஆறுக்கு மூடிவிடும்.
ஓ.டி.பி. வரவில்லை.
என் கடைக்குள் போன்
ரெண்டு டவருக்கும் நடுவே
எதிலும் சேராமல் சுற்றும்.
அந்தப் பக்கம் ஓடு என்றேன்.

தடுப்புக் கம்பத்தைக் குனிந்து கடந்து
கோழி வேனுக்கும் மணல் லாரிக்கும் இடையில் புகுந்து
சுகுமாரன் மேசையருகே போய்
போனை வானத்துக்குத் தூக்கினாள்.
கேரளத்துக்கு நல்வரவு என்றது முதலில்.
அப்புறம் எண்கள்.
அங்கிருந்தே கத்தினாள்:
நாலு! ஜீரோ! ஒன்பது!
ஒன்பது! ரெண்டு! ஏழு!
லாட்டரிக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
ஒருவர் அவசரமாய்
அந்த நம்பர் சீட்டைத் தேட ஆரம்பித்தார்.

அவள் இந்த மண்ணுக்காரி என்ற மனு
ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ஏறியது.

இனிச் சான்ஸ் இருக்குதுங்களா, கேட்டார் அத்தா.

எல்லாக் கட்டத்திலும் ஆம் போட்டவள் நான்.
பிறந்தது, படித்தது, வாக்கப்பட்டது
எல்லாம் இந்த நாற்பதடிக்குள்.
அந்த வருஷம் வெயிட்டிங் லிஸ்ட்
எனக்கு ஆறு பேர் முன்னால் நின்றுபோனது.
அதைச் சொல்லவில்லை.
பிரிண்ட்அவுட்டை நனையாம வைங்க என்றேன்.
அறுபது ரூபாய் தந்தார்,
கூடவே ஒரு பை தக்காளி,
வேண்டாம் என்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்.

மறுநாள் சுகுமாரன் டீக்கடையில் சொன்னார்:
அந்த நம்பர் கிடைச்சுது, வித்தும் போச்சு. விழலை.
இவளுடையது
வியாழக்கிழமை.